பேப்பரைப் பார்க்காமல் அம்மாவின் கையை வரையுங்கள்!

“உனக்கு வேற வேலையே இல்லையா?” என்றார் அம்மா.

ஞாயிற்றுக்கிழமை மதியம். அவரது இடது கையை டேபிள் மேல் வைக்கச் சொல்லிவிட்டு, எதிரே பென்சிலும் நோட்டுமாக உட்கார்ந்திருந்தேன். நான் கடைசியாகப் படம் வரைந்தது பிளஸ் டூ பயாலஜி ரெக்கார்டில். அதற்கும் மார்க் குறைத்தார்கள்.

இந்த வாரம் நான் முயன்று பார்த்தது, ஓவியம் கற்பவர்களுக்குத் தரப்படும் ஒரு பழைய பயிற்சி. அமெரிக்க ஓவிய ஆசிரியர் கிமோன் நிக்கோலெய்ட்ஸ் தன் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது. அவர் மறைந்த பிறகு, 1941-ல் வெளியான ‘தி நேச்சுரல் வே டு டிரா’ புத்தகத்தில் இது இருக்கிறது. விதி எளிதுதான். கண், வரையும் பொருளை விட்டு நகரக் கூடாது. பேப்பரைப் பார்க்கவே கூடாது. பென்சில் முனை அந்தப் பொருளையே தொட்டுக்கொண்டு போவதாக நினைத்து, எறும்பு ஊர்வதுபோல மெதுவாக வரைய வேண்டும்.

பார்க்கிறோமா, நினைத்துக்கொள்கிறோமா?

இயற்கைக் காட்சி வரையச் சொன்னால் நம்மில் பலர் என்ன வரைவோம்? இரண்டு மலை, நடுவில் சூரியன், கீழே குடிசை, பக்கத்தில் தென்னை மரம். அப்படி ஓர் இடத்தை நேரில் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

ஓவிய ஆசிரியர் பெட்டி எட்வர்ட்ஸ், 1979-ல் வெளியான தன் புத்தகத்தில் இதைத்தான் சொன்னார். சிறுவயதில் மனப்பாடம் செய்த அடையாளங்களையே பெரியவர்களானதும் வரைகிறோம். கண் முன்னால் இருப்பதை அல்ல. அதை உடைக்க அவர் தந்த பயிற்சி, இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கியை பிக்காசோ வரைந்த படத்தைத் தலைகீழாக வைத்துப் பார்த்து வரைவது. தலைகீழாக இருந்தால் ‘இது மூக்கு, இது கண்’ என்று மனம் குறுக்கே வராது. வெறும் கோடுகளை மட்டும் பார்ப்போம்.

மனிதர்கள் விஷயத்திலும் நாம் அப்படித்தானே? அப்பா என்றால் கோபம். அம்மா என்றால் சாப்பாடு. தம்பி என்றால் போன். அந்த அடையாளத்தைத் தாண்டி அவர்களைப் பார்த்து எவ்வளவு நாளாகிறது?

கோடு வளைந்த இடம்

சுண்டு விரலில் தொடங்கினேன். மோதிர விரலின் அடிப்பக்கம் வந்தபோது, கோடு உள்ளே வளைந்தது. அந்த இடத்தில் மட்டும் விரல் சற்று மெலிந்திருந்தது. பல வருடம் மோதிரம் கிடந்த தடம். மோதிரத்தைத்தான் காணோம்.

“மோதிரம் எங்கம்மா?”

“அடகுல இருக்கு. உனக்கு டிப்ளமோ ஃபீஸ் கட்டினப்போ வெச்சது.”

இரண்டு வருடமாகத் தினமும் அந்தக் கையிலிருந்துதான் காபி வாங்கிக் குடிக்கிறேன்.

நீங்களும் முயலலாம்

வரையத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. முதலில் உங்கள் கையையே வரையுங்கள். ஐந்து நிமிடத்துக்கு அலாரம் வைத்துவிட்டு போனைக் கவிழ்த்துவிடுங்கள். இரண்டாவது நிமிடத்தில் பொறுமை போகும், ‘எப்படி வந்திருக்கு?’ என்று எட்டிப் பார்க்கத் தோன்றும். அந்த அவசரத்தைக் கவனியுங்கள். நம்மைப் பற்றி நமக்கே கொஞ்சம் தெரியவரும். தழும்பு, நகக்கடி, பேனா காய்ப்பு என ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை இருக்கும்.

பிறகு, வீட்டில் நீங்கள் குறைவாகப் பேசும் ஒருவரின் கையைக் கேளுங்கள். முடிந்ததும் அவரையும் உங்கள் கையை வரையச் சொல்லுங்கள். இரண்டு படமும் கோணல்மாணலாகத்தான் வரும். சிரிப்பு வரும், பேச்சும் வரும்.

என் படத்தைப் பார்த்து, “கையா இது? நண்டு மாதிரி இருக்கு” என்று சிரித்த அம்மா, அதைக் காலண்டருக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறார். நான் அடகு ரசீதைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.