ஆஃபர் லெட்டர் வந்தா பேண்டு கலையணுமா?

ப்ளேஸ்மென்ட் சீசன் ஆரம்பிச்சா நம்ம ஹாஸ்டல்ல ரெண்டு விஷயம் தவறாம நடக்கும். ஃபைனல் இயர் பசங்க முடி வெட்டி, ஷேவ் பண்ணி, பக்கத்து ரூம் காரன் ஷூவைக் கடன் வாங்கிக் கிளம்புவாங்க. அடுத்த வாரம் வாட்ஸ்அப் குரூப்புல கிட்டார் விலைக்கு வரும். "லைட்டா யூஸ் பண்ணது, பேக் ஃப்ரீ."

இந்த வருஷமும் வந்துச்சு. நாலு பேர் மெட்டல் பேண்டு. பேஸ் வாசிக்கிறவனுக்கு பெங்களூரு, ட்ரம்மருக்கு சிறுசேரி, ஒரு கிட்டாரிஸ்ட் கேட் கோச்சிங், இன்னொருத்தனுக்கு ரெண்டு அரியர். "அவ்ளோதான் மச்சான், முடிஞ்சுது"ன்னு அவங்களே சொல்லிட்டாங்க. வருத்தம்தான், ஆனா வேலை கிடைச்சா பேண்டு கலையறது இயற்கைன்னு எல்லாரும் தலையாட்டுறாங்க. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஆஃபர் லெட்டர் எந்த பேண்டையும் கொல்வதில்லை. அந்த பேண்டிடம் சொந்தமா ஒரு பாட்டு கூட இல்லாததுதான் கொல்கிறது.

மெட்டல் உலகத்தில் நம்ம ஆட்கள் யாராவது நீண்ட காலம் தாக்குப்பிடித்திருக்கிறார்களா என்று தேடினால் முதலில் வர வேண்டிய பெயர் ருத்ரா. சிங்கப்பூர் பேண்டு. நடுநாயகமாக நிற்பவர்கள் தமிழ் வம்சாவளியினர்: பாடிக்கொண்டே பேஸ் வாசிக்கும் கதிர், ட்ரம்ஸ் வாசிக்கும் சிவா. 1992-இல் தொடங்கினார்கள், முதல் ஆல்பம் வர 1998 ஆனது. டெத் மெட்டல் அடியோடு வேதாந்தக் கருத்துகளையும் சமஸ்கிருத மந்திரங்களையும் சேர்த்து, 'வேதிக் மெட்டல்' என்று தாங்களே ஒரு பெயர் வைத்துக்கொண்டார்கள். கதிர் வேதாந்தம் கற்பிப்பவரும் கூட. சிங்கப்பூரில் டெத் மெட்டல் வாசித்து வீட்டு வாடகை கொடுக்க முடியும் என்று யாரும் கனவு காணவில்லை. முப்பது வருஷம் தாண்டியும் பேண்டு இருக்கிறது. (அவர்கள் தமிழில் நிறையப் பாடியிருக்கலாமே என்பது என் தனிப்பட்ட ஏக்கம். அது வேற கட்டுரை.)

பெங்களூரு க்ரிப்டாஸ் இன்னொரு ரகம். 1998-இல் தொடக்கம், முதல் ஆல்பம் 'ஸ்பைரல் அசென்ட்' 2004-இல். அதாவது முதல் வருஷம் காலேஜில் சேர்ந்தவன் நாலு வருஷம் படித்து முடித்து, ரெண்டு வருஷம் வேலையும் பார்த்திருக்கக்கூடிய காலம். 2010-இல் ஐரோப்பாவில் சுற்றுப்பயணம், 2013-இல் ஜெர்மனியின் வாக்கன் திருவிழா மேடை, 2016-இல் ஏ.எஃப்.எம். என்ற ஜெர்மன் நிறுவனம் ஆல்பம் வெளியிட்டது. 2024-லும் ஒரு ஆல்பம் வந்திருக்கிறது. நடுவில் ஆட்கள் மாறினார்கள், முதலில் பாடியவர் போய் கிட்டாரிஸ்ட் நோலன் லூயிஸே பாட ஆரம்பித்தார். பாட்டுகள் இருந்ததால் ஆள் மாறினாலும் பேண்டு மாறவில்லை.

"வேலையை விட்டுட்டு வந்தாதான் ஜெயிக்க முடியும்"னு ஒரு சினிமா கதை நமக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு. அதுக்கு உதாரணமும் இருக்கு, இல்லைன்னு சொல்லல. டெல்லி ப்ளடிவுட் பேண்டின் கரண் கட்டியார் கார்ப்பரேட் வக்கீல் வேலையை விட்டவர். 2016-இல் யூட்யூபில் பாப் பாட்டுகளை மெட்டலாக மாற்றிக் கிண்டல் செய்து தொடங்கினார்கள். 2019-இல் வாக்கனில் வாசித்தார்கள், 2022-இல் சொந்தப் பாட்டுகளோடு 'ரக்ஷக்' ஆல்பம். கவனிங்க, அவர்களும் கிண்டல் கவர்களிலேயே நின்றிருந்தால் இந்நேரம் ஒரு மீம் பேஜாகத்தான் இருந்திருப்பார்கள். மும்பை டீமோனிக் ரெசரக்‌ஷன் பேண்டின் சாஹில் மகிஜா வேற வழி பிடித்தார். மெட்டல் ஆட்களுக்கான சமையல் நிகழ்ச்சியாக யூட்யூபில் 'ஹெட்பேங்கர்ஸ் கிச்சன்' ஆரம்பித்து, அது கீட்டோ சமையல் சேனலாக வளர்ந்தது. டெத் மெட்டலில் உறுமுகிற அதே தொண்டை பனீர் ரெசிபி சொல்லுது. இதில் சிரிக்க என்ன இருக்கு? சமையல் ஒரு பக்கம் ஓட, 2000-இல் தொடங்கிய பேண்டையும் அவர் விட்டுவிடவில்லை. தெற்கே வந்தால் அகம் பேண்டின் ஹரீஷ் சிவராமகிருஷ்ணன். பிட்ஸ் பிலானி மாணவர், பாடிக்கொண்டே பெரிய டெக் கம்பெனிகளில் டிசைன் வேலை பார்த்தவர். நம்ம ஹாஸ்டல் மெஸ்ஸில் ராத்திரி அகம் பாட்டுதான் ஓடுது, பாடுகிறவருக்கும் திங்கட்கிழமை மீட்டிங் இருந்தது என்பது பாதிப் பேருக்குத் தெரியாது.

மெக்கானிக்கல் பசங்களுக்காக ஒன்று. ஹெவி மெட்டல் பிறந்ததே ஒரு ஷீட் மெட்டல் ஃபேக்டரி விபத்தில் என்று சொல்லலாம். பர்மிங்காமில் பதினேழு வயசு டோனி அயோமி, இசைக்காக வேலையை விடப் போகும் கடைசி நாளில் மெஷினில் கையைக் கொடுத்து இரண்டு விரல் நுனிகளை இழந்தார். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்துகொண்டார். அழுத்த வலிக்காமல் இருக்க மெல்லிய கம்பி போட்டார், பின்னால் கம்பியைத் தளர்த்திச் சுருதியையும் இறக்கினார். அந்தக் கனத்த, இறங்கிய ஒலிதான் ப்ளாக் சாபத். வேலைக்கும் இசைக்கும் நடுவில் நாம போடுற கோடு எவ்வளவு தெளிவா இருக்குன்னு பாத்துக்கோங்க.

மெட்டலுக்கு நாலு பேர் போதும். ஸ்காவுக்குப் போதாது, அதனால் அங்கே கஷ்டம் இன்னும் பச்சையாகத் தெரியும். கேட்காதவர்களுக்கு: ஸ்கா என்பது ஜமைக்காவில் 1950-களின் கடைசியில் உருவான ஆட்ட இசை. தாளத்தின் அடியில் விழாமல் இடைவெளியில் வெட்டி வெட்டி விழும் கிட்டார், மேலே ட்ரம்பெட், ட்ராம்போன், சாக்சஃபோன். ரெகே இதன் தம்பி. ஒரு ஸ்கா பேண்டு என்றால் ஏழு பேர், எட்டு பேர் சாதாரணம். ஒரு கணக்குக்கு, ஒரு ஷோவுக்கு ஐம்பதாயிரம் என்று வையுங்கள். வேன், சாப்பாடு, சவுண்டு என்று இருபதாயிரம் போனால், நாலு பேர் மெட்டல் பேண்டில் ஆளுக்கு ஏழாயிரத்து ஐந்நூறு. எட்டு பேர் ஸ்கா பேண்டில் அதில் பாதி. எட்டு பேருக்கு வேன் பெருசு, சாப்பாடும் கூட, அதனால் பாதி கூட வராது. எட்டு பேருடைய லீவும் ஒரே தேதியில் கிடைக்கணும், அது தனி பெர்முடேஷன் காம்பினேஷன்.

இந்தியாவில் இதைச் செய்து காட்டியவர்கள் டெல்லியின் ஸ்கா வெஞ்சர்ஸ். 2009-இல் தொடங்கி, 2012-இல் முதல் ஆல்பம் போட்டார்கள். தரு டால்மியா, சமாரா சோப்ரா பாட, ஸ்டெஃபன் கே கீபோர்டு. ஸ்காவை வெறும் டான்ஸ் மியூசிக்காக விடாமல் அரசியல் பேசவைத்தார்கள். சென்னையில் அளவிலும் துணிச்சலிலும் இதற்குப் பக்கத்தில் வருவது 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் மேடையேறிய தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ். ஸ்கா இல்லை, கானாவும் ராப்பும் ராக்கும். ஆனால் அத்தனை பேர் கொண்ட குழு எழுந்து நிற்க, பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம் தோள் கொடுக்க வேண்டியிருந்தது. பெரிய குழுவுக்குப் பின்னால் ஒரு அமைப்பு வேணும். அதை மறைக்க வேண்டியதில்லை.

ஜமைக்காவில் அந்த அமைப்பு ஒரு பள்ளிக்கூடம். கிங்ஸ்டனில் கத்தோலிக்கக் கன்னியாஸ்திரீகள் நடத்திய ஆல்ஃபா பாய்ஸ் ஸ்கூல். ஏழைப் பையன்களுக்குத் தொழிலோடு பேண்டு வாத்தியமும் கற்றுக்கொடுத்த இடம். ஸ்காவின் மூல பேண்டான ஸ்கடலைட்ஸில் டான் டிரம்மண்ட், டாமி மெக்குக், ஜானி மூர், லெஸ்டர் ஸ்டெர்லிங் எல்லாரும் அங்கே படித்தவர்கள். 1964-இல் சேர்ந்த அந்த பேண்டு 1965-இல் கலைந்துவிட்டது. ரெண்டு செமஸ்டர் தாண்டியிருக்கும், அவ்வளவுதான். ஆனால் அதற்குள் பதிவு செய்த பாட்டுகள் நின்றன. 1983-இல் திரும்பிச் சேர்ந்து, பிறகு பல வருஷம் உலகம் சுற்றினார்கள்.

இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் ஜெர்ரி டாமர்ஸ் 1979-இல் டூ டோன் என்ற சொந்த லேபிளைத் தொடங்கி ஸ்காவை மறுபடி எழுப்பினார். அவருடைய தி ஸ்பெஷல்ஸ் பேண்டில் ஏழு பேர். 1981-இல் 'கோஸ்ட் டவுன்' அந்த நாட்டில் முதலிடம் பிடித்தது. அந்தச் சமயத்திலேயே மூன்று பேர் விலகிவிட்டார்கள். முதலிடம் வந்தாலும் பேண்டு உடையும், ஐ.டி. வேலை வந்தாதான் உடையும்னு இல்லை. அதே பெயரில், மிச்சமிருந்தவர்களோடு 2019-இல் 'என்கோர்' என்று ஒரு ஆல்பம் போட்டார்கள், மறுபடி முதலிடம். 38 வருஷம் கழித்து! மும்பையின் ராக் மெஷின் 1984-இல் தொடங்கி, இண்டஸ் க்ரீட் என்று பெயர் மாற்றி, 1997-இல் கலைந்து, 2010-இல் திரும்பி வந்து 2012-இல் ஆல்பம் போட்டதும் இதே கதைதான். திரும்பி வர ஒரு வீடு இருந்தது. மெட்டாலிகா பாட்டை மட்டும் அச்சு அசலா வாசிச்ச பேண்டு பத்து வருஷம் கழிச்சு எதுக்குத் திரும்பி வரணும்? மெட்டாலிகாவே வந்துட்டுப் போயிட்டாங்க, 2011-இல், பெங்களூருக்கு.

கவர் வாசிப்பது கேவலம்னு சொல்லல. விரல் பழகுவதே அப்படித்தான். நாதஸ்வரம் கற்கிறவர் முதல் நாளே சொந்த ராகம் வாசிப்பதில்லை. ஆனால் நம்ம பக்கத்தில் ஒரு மேளக்காரரைக் கேட்டுப் பாருங்க. ஆடி, மார்கழியில் கல்யாணம் கிடையாது, தை பிறந்தால் தூங்க நேரம் கிடையாது, சும்மா இருக்கிற மாசத்தில் வயலோ வேறு தொழிலோ. அதனால் "என் கரியர் முடிந்தது" என்று அவர் தவிலை விற்பதில்லை. அவருடைய வாசிப்பு, அவர் பாணி, அவருக்குச் சொந்தம். சுரக்குடியிலிருந்து திருநள்ளாறு வரைக்கும் ஒரு முகூர்த்த நாளில் பைக்கில் போனால் போதும், நான் சொல்றது காதில் விழும். போகிற போக்கில் இன்னொன்று: ஸ்கா பேண்டுக்கு ட்ரம்பெட் ஆள் வேணும்னா சென்னையில் தேடாதீங்க. கல்யாண ஊர்வலத்தில் பேண்டு செட்டில் நிக்கிற அண்ணனைக் கேளுங்க. மூச்சுக் கட்டுப்பாட்டில் நம்ம கல்ச்சுரல்ஸ் ஆள் யாரும் அவர் பக்கத்தில் நிக்க முடியாது.

சொந்தப் பாட்டு இருந்தால் பணம் கொட்டுமா? கொட்டாது. 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டை 12 மாதத்தில் ஆயிரம் தடவையாவது கேட்டிருந்தால்தான் அதற்குப் பணமே கணக்கில் சேரும். முதல் வருஷம் உங்க பாட்டு அந்தக் கோட்டைத் தாண்டுவதே சிரமம். பேண்ட்கேம்ப் போன்ற இடத்தில் நேரடியாக விற்றால் டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதம் அவர்கள் எடுத்துக்கொண்டு மீதியைத் தருகிறார்கள். கொஞ்ச பேர் கேட்டாலும் காசு கொடுத்துக் கேட்கிற மெட்டல் ரசிகர்களுக்கு அது சரிப்படும். இன்னொன்று, 2012-இல் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது, பாட்டெழுதியவரும் இசையமைத்தவரும் தங்கள் ராயல்டி பங்கை வேறொருவருக்கு எழுதிக்கொடுத்துவிட முடியாதபடி செய்தார்கள். ஐ.பி.ஆர்.எஸ். அமைப்பில் உறுப்பினராகப் பதிவு செய்தால் அந்தப் பங்கு உங்களைத் தேடி வர வழி இருக்கிறது. சிறுசேரியில் உட்கார்ந்து கோடு எழுதுகிறவனுக்கும் அது பொருந்தும். கவர் வாசிச்சவனுக்கு இதில் எதுவும் கிடையாது.

இப்ப நம்ம வீட்டு விஷயத்துக்கு வர்றேன். நம்ம கல்ச்சுரல்ஸ் பேண்டு போட்டியின் விதிகளில் "அனைவருக்கும் தெரிந்த பாடல்களாக இருக்க வேண்டும்" என்று ஒரு வரி இருக்கிறது. போன வருஷம் ஒரு பேண்டு சொந்தமா எழுதின தமிழ் மெட்டல் பாட்டு ஒண்ணை லிஸ்ட்ல போட்டுச்சு. அடிச்சுட்டு, அந்த இடத்துல ஒரு ரீமேக் குத்துப் பாட்டு வாசிக்கச் சொன்னாங்க. வாசிச்சாங்க, ரெண்டாவது பரிசும் வாங்கினாங்க. அந்தச் சொந்தப் பாட்டு என் ஃபோன்ல வாய்ஸ் நோட்டா கிடக்கு, ஹாஸ்டல் ஃபேன் சத்தத்தோட. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல மியூசிக் ரூம் பூட்டு. லேப் முடியறதே ஐந்து மணிக்கு. மீதி ஒரு மணி நேரத்தில் ஆம்ப்பைத் தூக்கி, வயர் மாட்டி, ட்யூன் பண்ணி முடிக்கும்போது வாட்ச்மேன் அண்ணன் சாவியோட வாசல்ல நிப்பார். அவர் மேல தப்பு இல்லை.

ஐ.ஐ.டி. மெட்ராஸ் சாரங் விழாவில் 2009-இல் ஸ்வீடனின் ஓபெத் வந்து வாசித்தது. நாம அதைக் கேட்கல. அடையாறில் அன்வைண்ட் சென்டர் மாதிரி சின்ன இடங்கள் சென்னை மெட்டல் பேண்டுகளுக்கு மேடை கொடுத்தன, சொந்தப் பாட்டோடு வந்தவனுக்கும். அந்த அளவுக்குப் போதும். போட்டியில் மார்க் இல்லாத பத்து நிமிஷம், சொந்தப் பாட்டுக்கு மட்டும். மியூசிக் ரூம் வாரத்தில் ரெண்டு நாள் எட்டு மணி வரை. முடிந்தால் மைக் வைத்து ஒரு பதிவு. ஈ.சி.இ. லேபில் இருக்கும் உபகரணத்தில் பாதி போதும், செய்துதர எங்க செட்டிலேயே ஆள் இருக்கு.

"நம்ம பாட்டை யாரு மச்சான் கேப்பா?" என்று கேட்கிறவர்களுக்கு: முதல் மூணு வருஷம் யாரும் கேட்கமாட்டாங்க. ருத்ராவின் முதல் ஆல்பத்துக்கே ஆறு வருஷம், க்ரிப்டாஸுக்கும் ஆறு வருஷம். அந்த ஆறு வருஷமும் யாராவது சம்பளம் வாங்கிக்கொண்டுதான் இருந்திருக்க வேண்டும். பெங்களூருக்குப் போகிற பேஸ் ப்ளேயர் மாசம் ஒரு ட்ராக்கை ரூமிலேயே பதிவு பண்ணி அனுப்பலாம், அதுக்கு ஒரு இன்டர்ஃபேஸும் லேப்டாப்பும் போதும். ட்ரம்ஸ் மட்டும்தான் கஷ்டம், அபார்ட்மென்ட் காரங்க போலீஸைக் கூப்பிடுவாங்க. அதுக்குப் பொங்கல் லீவுல எல்லாரும் ஊருக்கு வரும்போது ரெண்டு நாள் உட்கார்ந்தா நாலு பாட்டு ட்ரம்ஸ் முடிஞ்சிடும்.

அந்த கிட்டார் இன்னும் விலை போகல. குரூப்புல கேட்டேன், பேரம் ஆறாயிரத்துல நிக்குது. விக்கிறவன் யோசிக்கிறான் போல. இந்த இதழ் வெளிவர்றதுக்குள்ள வித்துட்டா என்னைத் திட்டாதீங்க, வாய்ஸ் நோட்டு என்கிட்ட பத்திரமா இருக்கு. கல்ச்சுரல்ஸ் கமிட்டி மீட்டிங் வர்ற வியாழக்கிழமை சாயங்காலம் நாலரைக்கு, செமினார் ஹால். சொந்தப் பாட்டு எழுதி வெச்சிருக்கிறவங்க வந்து பேர் கொடுங்க.