ஏரிக்கரைப் பள்ளிக்கு மில்லிவோல்ட் பாடம்

வட சென்னை அனல் மின் நிலையத்தின் முதல் கட்டத்தில் 210 மெகாவாட் இயந்திரங்கள் ஓடுகின்றன. அங்கிருந்து வெளியேறும் மின்சாரம் 230 கிலோவோல்ட்டில் கோபுரங்களின் மேல் போகிறது. வடக்கே பழவேற்காடு ஏரிக்கரையில், கூனங்குப்பத்து வீட்டுப் பிளக்கில் வருவது 230 வோல்ட். எண் ஒன்றுதான், அளவில் ஆயிரம் மடங்கு வித்தியாசம். மின்னழுத்தத்தைப் பத்து மடங்கு ஏற்றினால், அதே மின்திறனை அனுப்புகையில் கம்பியில் வீணாகும் ஆற்றல் நூறில் ஒரு பங்காகக் குறையும் என்பதால்தான் இத்தனை உயரம். இதே ஏரித் தண்ணீரைச் சோதிக்கும் பி.எச். மீட்டரோ எதிர்த்திசையில் இறங்குகிறது. அதன் கண்ணாடி மின்முனை தண்ணீரில் முங்கியதும் கருவி அளப்பது மின்னழுத்தத்தைத்தான்: 25 டிகிரியில் பி.எச். ஒன்று மாறினால் சுமார் 59 மில்லிவோல்ட். பி.எச். 7-ல் பூஜ்ஜியம் காட்டும் மின்முனை 8.1 உள்ள கடல்நீரில் சுமார் மைனஸ் 65 மில்லிவோல்ட் காட்டும். கருவி 6 மில்லிவோல்ட் பிசகினால் பி.எச். 0.1 பிசகும், அமிலத்தன்மைக் கணக்கு ஏறத்தாழ கால் பங்கு தப்பாகிவிடும். சில சுறா, திருக்கை இனங்கள் இன்னும் கீழே போய், சென்டிமீட்டருக்குச் சில நானோவோல்ட் மின்புலத்தையே உணர்ந்துவிடுகின்றன.

ஆகவே அலகு மாற்றத்தை, பூஜ்ஜியம் சேர்த்து வெட்டும் கணக்காக அல்லாமல், ஏரியையும் மின்கம்பியையும் காட்டி நடத்த வேண்டும் என்கிறேன். நம் பிள்ளைகள் லட்சம், கோடி என்று எண்ணிப் பழகியவர்கள். அலகுகளோ ஆயிரம் ஆயிரமாகத் தாவுகின்றன. மெகா என்றால் பத்து லட்சம், நானோ என்றால் நூறு கோடியில் ஒரு பங்கு என்று சொன்னால் உடனே பிடிபடும். செல்போனில் தட்டினால் விடை வந்துவிடுமே என்பார்கள். வரும்; ஆனால் மில்லிக்குப் பதில் மெகாவைத் தட்டியவரை அது தடுக்காது. அந்த ஒரு தவறு நூறு கோடி மடங்கு. விடையைப் பார்த்ததுமே 'இது நடக்காதே' என்று சொல்லும் கண் மனிதருக்குத்தான் வேண்டும்.

தண்ணீரை வாயில் வைத்தே உப்பு ஏறியதா, முகத்துவாரம் தூர்ந்ததா என்று சொல்லும் ஏரி மீனவருக்கு மீட்டர் எதற்கு என்பது இதைவிடக் கனமான கேள்வி. அந்த அறிவை நான் குறைத்து மதிக்கவில்லை. ஆனால் 2006-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி நடக்கும் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு, ஆலைத் தரப்பு எண்களும் அட்டவணைகளும் அடங்கிய அறிக்கையோடு வருகிறது. இறாலும் மடவையும் குறைந்துவிட்டன என்று எழுந்து பேசும் மீனவர் பக்கத்தில், அந்த அட்டவணையைப் படித்து, மின்முனையைச் சரிபார்த்தீர்களா, எத்தனை மில்லிவோல்ட் பிசகு இருந்தது என்று கேட்க அவர் வீட்டுப் பிள்ளை நிற்க வேண்டும். பழவேற்காட்டு உயர்நிலை வகுப்புகளுக்கு மில்லிவோல்ட்டும் காட்டும் பி.எச். மீட்டர் ஒன்றையும், அதைச் சரிபார்க்கும் 4, 7, 10 கரைசல்களையும் பள்ளிக் கல்வித் துறை இந்த ஆண்டே வாங்கித் தரட்டும்.