கறுப்பு மூஞ்சிக்கு எவ்வளவு வெளிச்சம்?

நல்ல போட்டோகிராஃபர் யார்? எங்கே கேட்டாலும் ஒரே பதில்தான் வருது: 'அவருக்குக் கண்ணு இருக்குங்க.' என்னமோ மத்தவனுக்கெல்லாம் மூஞ்சியில ரெண்டு ஓட்டை மட்டும் இருக்கிற மாதிரி. அடுத்த பேச்சு உடனே ஆரம்பிக்கும். கண்ணுக்குச் சாதி கிடையாது, கலைக்குச் சாதி கிடையாது, லென்சுக்குச் சாதி கிடையாது. பனியன் கம்பெனிக்குக் கேட்லாக் படம் எடுக்கிறவர் முதல் போட்டிக்குப் படம் அனுப்புகிற டாக்டர் வரை திருப்பூரில் எல்லாரும் இதையே சொல்றாங்க. நான் மண்ணரைக்காரன். எட்டு வருசம் ஓவர்லாக் அடிச்சவன். இப்போ காலனிகளில் சீர், காதுகுத்து, கல்யாணம், சாவு எல்லாத்துக்கும் படம் எடுக்கிறவன். எனக்கு இந்தப் பேச்சு ஆகலை.

முதலில் தொழில் விசயம். கேமராவுக்குள் இருக்கிற மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் என்றுதான் நினைத்துக்கொள்ளும். 18 சதவீதச் சாம்பல் என்பது அதன் கணக்கு. வெள்ளைச் சுவருக்கு முன்னால் வெள்ளைச் சட்டை போட்டுக் கறுப்பு மனுசன் நின்றால், மீட்டர் சுவரையும் சட்டையையும் பார்த்து வெளிச்சத்தைக் குறைத்துவிடும். சட்டையின் மடிப்புக்கூடத் தெரியும், மனுசன் கரி. முகத்தை மட்டும் கிட்டத்தில் எடுத்தாலோ, அந்தக் கறுப்பைச் சாம்பலாக்குவதற்கு வெளிச்சத்தை அள்ளிக் கொட்டும். தோல் வெளிறி, நீறு பூத்தாப்பல ஆகிவிடும். கை தேர்ந்தவன் முகத்துக்குக் கிட்டப் போய் அளப்பான். முதல் இடத்தில் ஒரு ஸ்டாப் கூட்டுவான், ரெண்டாவது இடத்தில் ஒரு ஸ்டாப் குறைப்பான். நேருக்கு நேராக ஃப்ளாஷ் அடிக்க மாட்டான், அடித்தால் நெற்றியும் மூக்கும் வெள்ளைத் திட்டாகிவிடும். சுவரில் அடித்துத் திருப்புவான், இல்லையா, ஆளை வாசலோரம் உட்கார வைப்பான். பக்கத்திலிருந்து வெளிச்சம் வாங்குகிற கறுப்புத் தோலைப் பார்த்திருக்கிறீர்களா? அதற்கப்புறம் வேறு எந்தத் தோலும் படமெடுக்கத் தோதாகத் தெரியாது.

இதைக் கத்துக்க ஒரு மத்தியானம் போதும். எத்தனை பேர் கத்துக்கிட்டாங்க? எங்க அக்காவுக்கு மாப்பிள்ளை வீட்டாருக்குக் கொடுக்கப் படம் எடுக்கப் போனபோது ஒரு ஸ்டுடியோவில் பவுடர் டப்பாவை நீட்டி, 'நல்லா அப்பிக்கம்மா, இல்லைன்னா பல்லு மட்டுந்தான் விழும்' என்றார்கள். தனக்குத் தொழில் தெரியாததை எங்க மூஞ்சியோட குத்தமாக்கிவிட்டார் மனுசன். அக்கா அந்தப் படத்தைப் பீரோவில் கவிழ்த்தே வைத்திருக்கிறாள்.

ஒத்தை ஸ்டுடியோக்காரனைத் திட்டி ஆவதொன்றுமில்லை. கோடாக் கம்பெனி 1950கள் தொடங்கிப் பல வருசம் கலர் லேப்களுக்கு ஒரு மாதிரி அட்டை அனுப்பியது. அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண். ஷர்லி அட்டை என்று பேர். அவள் தோல் சரியாக வந்தால் உலகமே சரியாக வந்த மாதிரி. கறுப்புத் தாய்மார்கள் பள்ளிக்கூடப் படத்தில் எம்பிள்ளை மூஞ்சி தெரியலையே என்று கேட்டது கம்பெனி காதில் ஏறலை. மரச்சாமான் விக்கிறவனும் சாக்லேட் விக்கிறவனும் பழுப்பு நிறம் ஒழுங்கா வரலைன்னு வந்து நின்ற பிறகுதான் பிலிமைத் திருத்தினார்கள். கனடாவைச் சேர்ந்த லோர்னா ராத் 2009இல் இதை விசாரித்து எழுதியிருக்கிறார். நாற்காலிக்குக் கிடைத்த மரியாதை மனுசனுக்குக் கிடைக்கலை. லென்சுக்குச் சாதி இல்லையாம், நிறம் இல்லையாம்!

சரி, தொழில் சுத்தமாகத் தெரிந்தவன் உத்தமனா? வில்லோபி வாலஸ் ஹூப்பர் என்று ஒரு வெள்ளைக்காரர், மதராஸ் ராணுவத்து ஆள். 1876-78 தாது வருசப் பஞ்சத்தில் எலும்பும் தோலுமான சனங்களைக் கூட்டங்கூட்டமாக உட்கார வைத்துப் படம் எடுத்தார். அத்தனை துல்லியம். ஒரு விலா எலும்பு மங்கலில்லை. அந்தக் காலத்துத் தட்டில் ஆள் அசையாமல் இருக்கணும், பசியில் கிடக்கிறவன் எங்கே அசையப் போகிறான்? அதே ஆள் பத்து வருசத்தில் மாண்டலேயில் ராணுவக் காவல் அதிகாரி. 1886இல் பர்மியர்களை நிற்கவைத்துச் சுடும்போது, குண்டு பாய்கிற அந்தக் கணத்தைப் பிடிக்கக் கேமராவை நிறுத்திவைத்தார். லண்டன் பார்லிமெண்ட் வரை நாறி விசாரணை வந்தது. 'சரியான கணம்' என்று போட்டோ வகுப்பில் உருகிச் சொல்கிறார்களே, அதற்கு இப்படியும் ஒரு தாத்தா உண்டு. எட்கர் தர்ஸ்டன் 1909இல் ரங்காச்சாரியோடு சேர்ந்து ஏழு தொகுதி போட்டார். மூக்கை அளந்தார், மண்டையை அளந்தார். படத்துக்குக் கீழே பெரும்பாலும் சாதிப் பேர் இருக்கும், ஆள் பேர் இருக்காது.

அதெல்லாம் வெள்ளைக்காரன் காலம் என்பீர்கள். நொய்யலில் சாயத்தண்ணி ஓடின வருசங்களிலும், 2011 ஜனவரி 28ஆம் தேதி உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன சமயத்திலும் எங்க பக்கம் கேமராக்கள் படையெடுத்தன. தண்ணி செவப்பா, பச்சையா, படத்துக்குத் தோதா இருந்தது. சாயத்தில் நின்று நின்று வெந்த காலை எடுத்தவர் குறைவு. வேலை போய்த் திண்ணையில் உட்கார்ந்தவனை எடுத்தவர் அதிலும் குறைவு. திண்ணையில் என்ன கலர் இருக்கு?

அப்படி வந்த ஒருத்தர் எங்க தெருவுக்குள்ளும் வந்தார். கட்டிங் வேஸ்ட் பிரித்துக்கொண்டிருந்த கிழவி, எனக்கு ஆத்தா முறை. 'இரு கண்ணு, சீலை மாத்திக்கிட்டு வாரேன்' என்றது. 'வேண்டாம்மா, இயல்பா இருங்க' என்றார் அவர். கிழிஞ்ச சீலைதான் எங்க இயல்பு என்று இவருக்கு யார் சொன்னது? பொட்டியில் மடிச்சு வைத்திருக்கிற சீலையும் அந்த ஆத்தாவோடதுதானே? அம்பேத்கர் கோட்டு டை போட்டு நின்ற படம்தான் ஒவ்வொரு காலனியிலும் மாட்டியிருக்கு. இப்படித்தான் என்னைப் பாரு என்று சொல்வது எங்களுக்கு ஒரு உரிமை. அதைத்தான் அந்தாளு 'இயல்பு' என்ற ஒத்தை வார்த்தையில் பறித்துக்கொண்டார். அந்தப் படம் எங்கேயோ பரிசு வாங்கியதாகப் பிறகு கேள்விப்பட்டோம். ஆத்தா செத்தபோது மாலை போட வீட்டில் ஒரு படமில்லை. வாக்காளர் அட்டையில் இருந்ததைப் பெரிசாக்கினோம். மூக்கெது வாயெது என்று தெரியலை.

கார்டன் பார்க்ஸ் என்ற கறுப்பர் 1942இல் வாஷிங்டனில், அரசாங்கக் கட்டடத்தில் தரை கூட்டிய எல்லா வாட்சன் என்ற பெண்ணைப் படம் எடுத்தார். முதலில் அவள் கதையைக் கேட்டார். அவளுடைய அப்பனை வெள்ளைக் கும்பல் கொன்ற கதை அது. ஒரு கையில் துடைப்பம், பக்கத்தில் மாப்பு, பின்னால் அமெரிக்கக் கொடி. அதோடு விட்டுவிடவில்லை. அவள் வீட்டுக்கும் அவள் போகிற சர்ச்சுக்கும் கூடவே போய் எடுத்தார். அதனால்தான் பேர் நமக்குத் தெரியுது, 'துப்புரவுத் தொழிலாளி' என்று மட்டும் நிற்கவில்லை. நம்மூரில் மதுரை பழனிகுமார், மீன் விற்கும் தாயின் பிள்ளை. திவ்யபாரதியின் 'கக்கூஸ்' (2017) படத்துக்குக் கேமரா பிடித்தவர். மலக்குழியில் செத்தவர்களின் வீடுகளுக்குப் போனார், ராமநாதபுரத்தில் பாசி எடுக்கும் பெண்களோடு கடலுக்குப் போனார். 2022இல் தயானிதா சிங்-பாரி விருது முதன்முதலாக அவருக்குத்தான் கிடைத்தது. அந்தப் படங்களில் இருக்கிறவர்கள் எடுத்தவனைத் தெரிந்தவர்கள், முகத்திலேயே தெரியுது. அந்தத் தெரிதலை எந்த லென்சும் விலைக்குத் தராது.

அப்போ தலித்துதான் தலித்தை எடுக்கணுமா என்று ஒரு கேள்வி வரும், எப்பவும் வரும். நான் அப்படிச் சொல்லலை. நம்ம பசங்களே செல்போனைத் தூக்கிக்கிட்டுக் குப்பை வண்டிக்கார அண்ணனை அவருக்குத் தெரியாமல் எடுத்துப் போடுறான், அவனையும்தான் கேட்கிறேன். யாரா இருந்தாலும் வாங்க. பேர் கேளுங்க. சீலை மாத்தினா மாத்தட்டும், அரை மணி நேரம் திண்ணையில் உட்காருங்க, டீ கொடுத்தா குடிங்க. குடிக்க முடியாதென்றால் கேமராவை வெளியே எடுக்காதீங்க. அளக்கிறதை முகத்தில் அளங்க. அப்புறம் பிரிண்ட் கொண்டாந்து கொடுங்க. அதுக்கெல்லாம் காசேது என்று மட்டும் சொல்லாதீங்க. போட்டிக்குப் போட்டி நுழைவுக் கட்டணம் கட்டுறீங்களே, அந்தப் பணத்தில் எங்க தெரு முழுக்கப் பிரிண்ட் போடலாம். எந்த வீடு என்று தெரியலைன்னா என்னைக் கேளுங்க, கதவு நம்பர் எழுதித் தர்றேன்.