பதினாறு பாட்டு போதும்

போன மாதம் பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு குப்பத்துக்குப் போயிருந்தேன். கருவாடு காயப் போட்டிருந்தார்கள். காகம் வராமல் இருக்க மேலே கயிறு கட்டி, பத்துப் பன்னிரண்டு சி.டி.க்களைத் தொங்க விட்டிருந்தார்கள். வெயிலில் அவை பளபளவென்று சுழன்றன. ஒன்றில் மையால் 'டிஸ்கோ - 1' என்று எழுதியிருந்தது.

"இது யாருடையது தம்பி?" என்று காவலுக்கு இருந்த பையனைக் கேட்டேன்.

"எங்க சித்தப்பாவோடது சார். போன வாரந்தான் கட்டினோம். இப்ப யாரு சார் சி.டி. போடுறாங்க? எல்லாம் போன்லயே வருதே!"

அவன் சொன்னது உண்மைதான். ஆனால் குழந்தைகளே, எனக்கு அதில் ஒரு குறை தெரிகிறது. போனில் ஒரு பாட்டு முடிந்ததும் அடுத்த பாட்டை அதுவே போட்டு விடுகிறது. நாம் எங்கே தேர்ந்தெடுக்கிறோம்? ஒரு சி.டி.யில் 80 நிமிடம்தான் பதியலாம். ஒரு பாட்டு ஐந்து நிமிடம் என்றால் பதினாறு பாட்டு. பதினேழாவது பாட்டு வேண்டுமானால் ஒன்றை எடுத்தாக வேண்டும். எதை எடுப்பது என்று யோசிக்கும்போதுதான் நமக்கு எது பிடிக்கும் என்பது நமக்கே தெரிகிறது.

டிஸ்கோ என்ற சொல் எப்படி வந்தது தெரியுமா? பிரெஞ்சு மொழியில் 'டிஸ்கோதேக்' என்றால் இசைத்தட்டுகளைச் சேர்த்து வைக்கும் இடம். நூல்களுக்கு நூலகம் போல! பிறகு இசைத்தட்டைப் போட்டு ஆடும் கூடத்துக்கு அந்தப் பெயர் வந்தது. 1970களில் அங்கே ஒலித்த இசைக்கும் அதுவே பெயரானது. 'தும் தும் தும் தும்' என்று பெரிய டிரம் ஒரே சீராக, நிமிடத்துக்குச் சுமார் 120 முறை விழும். கால் தானாக ஆடும்.

நீங்கள் தொகுப்பதாக இருந்தால் எதிலிருந்து தொடங்கலாம்? 1980இல் வந்த 'குர்பானி' இந்திப் படத்தில் ஒரு டிஸ்கோ பாட்டு உண்டு. அதைப் பாடிய நாஜியா ஹசனுக்கு அப்போது வயது 15! இசை அமைத்தவர் பிட்டு. பெங்களூரிலிருந்து லண்டனுக்குப் போனவர். 1982இல் பப்பி லஹிரியின் இசையில் 'டிஸ்கோ டான்சர்' வந்தது. ரஷ்யாவில்கூட அதற்குக் கூட்டம் அலைமோதியது. அதைத்தான் 1985இல் 'பாடும் வானம்பாடி' என்று தமிழில் எடுத்தார்கள். நாகேஷின் மகன் ஆனந்த்பாபு ஆடினார். இளையராஜா இசையில் 'சகலகலா வல்லவன்' படத்தின் புத்தாண்டுப் பாட்டை நான் சொல்லவே வேண்டாம். ஒவ்வொரு டிசம்பர் 31 இரவும் ஒலிபெருக்கியில் கேட்டிருப்பீர்கள்.

டிஸ்கோ என்றாலே முகம் சுளிப்பவர்கள் உண்டு. 1979இல் அமெரிக்காவின் சிகாகோ நகரில், ஒரு விளையாட்டு அரங்கில் டிஸ்கோ இசைத்தட்டுகளைக் குவித்து வெடி வைத்தே தகர்த்தார்கள்! நானும் ஒரு காலத்தில் சுளித்தவன்தான். பெஞ்சில் டிஸ்கோ தாளம் தட்டிய ஒரு மாணவனை வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தேன். தாளம் தப்பவே இல்லை அவனுக்கு. அதை அன்று நான் சொல்லவில்லை.

ஒரு எச்சரிக்கை. நம் ஊர் உப்புக்காற்று சி.டி.க்கு ஆகாது. பளபளக்கும் பக்கத்தைத்தான் எல்லாரும் பொத்திப் பொத்தி வைப்பார்கள். உண்மையில் பாட்டு பதிந்திருப்பது, பெயர் எழுதும் பக்கத்துக்குச் சற்றுக் கீழேதான். அங்கே கீறினால் போச்சு! பால்பாயின்ட் பேனாவால் எழுதாதீர்கள். துடைக்கும்போது வட்டமாகத் தேய்க்காமல், நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடையுங்கள். வெயில் படாமல் உறையில் வையுங்கள்.

அந்த 'டிஸ்கோ - 1'ஐப் பையனிடம் கேட்டு வாங்கி வந்தேன். கழுவித் துடைத்துப் போட்டேன். ஆறு பாட்டு நன்றாகப் பாடியது, மற்றவை திக்கின. இந்த ஞாயிற்றுக்கிழமை அதையும் என் பழைய பிளேயரையும் எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போகிறேன். 'டிஸ்கோ - 2' அந்தக் கயிற்றில் இருக்கிறதா என்று பார்த்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.