யாழ்ப்பாணம் தூரமா, மதுரை தூரமா?

மறைமலைநகரில் காலை நடைக்கு வரும் பென்ஷன்காரர்கள் நாங்கள் நாலைந்து பேர். ஒருமுறை யாழ்ப்பாணம் பார்த்துவிட்டு வர ஆசை என்று போன வாரம் சொன்னேன். "இந்த வயசுல அவ்வளவு தூரம் எதுக்கு சார்? பேசாம மதுரைக்குப் போயிட்டு வாங்க" என்றார் ஒருவர். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அட்லஸை எடுத்தேன்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். இரண்டு ஊருக்கு நடுவே உள்ள நேர்க்கோட்டுத் தூரத்தை எங்கள் வாத்தியார் 'ஆ வொல் துவாஸோ' என்பார். பறவை பறக்கிற தூரம் என்று அர்த்தம். மீனம்பாக்கத்திலிருந்து பறவை பறந்தால் மதுரை விமான நிலையம் சுமார் 420 கிலோமீட்டர். யாழ்ப்பாணத்துப் பலாலி சுமார் 355 கிலோமீட்டர்தான்! சின்ன ஏடிஆர் விமானம் ஏறக்குறைய ஒன்றேகால் மணியில் போய்விடுகிறது. இங்கே நிற்கும் இடத்தை விட்டு நகர்வது முதல் அங்கே போய் நிற்பது வரை எல்லாம் அந்தக் கணக்கில் அடக்கம்.

அப்படியானால் தூரம் எங்கிருந்து வந்தது? கடல் கொண்டுவரவில்லை, மனிதன் கொண்டுவந்தான். 1947-லேயே ஏர் சிலோன் விமானம் கொழும்பிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு வந்திருக்கிறது. போரில் அந்த வழி அடைபட்டது. மறுபடி திறந்தது 2019 நவம்பரில். கொரோனாவில் 2020 மார்ச்சில் நின்றது, 2022 டிசம்பரில்தான் திரும்ப வந்தது. நடுவில் போக வேண்டியவர்கள் கொழும்புக்கு 650 கிலோமீட்டர் தெற்கே பறந்து, அங்கிருந்து சாலையில் 400 கிலோமீட்டர் வடக்கே திரும்பி வர வேண்டும். 355-க்கு 1,050!

என்னுடன் வேலை பார்த்த நண்பர் ஒருவரின் அக்காவைச் சாவகச்சேரியில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். 2022 தொடக்கத்தில் அந்த அம்மா காலமானார். நண்பர் கொழும்பு சுற்றிப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. "சாம்பலைத்தான் பார்த்தேன்" என்றார். பக்கத்து ஊர்ச் சாவுக்குப் போக முடியாத தூரம் எந்த அட்லஸில் இருக்கிறது?

விமானம் ஓடினால் மட்டும் ஒன்றேகால் மணியா என்று கேட்பீர்கள். நியாயம்தான். தெற்கே போக நான் முதலில் மின்சார ரயிலேறி வடக்கே திரிசூலம் போக வேண்டும். மூன்று மணி நேரம் முன்னதாக வரச் சொல்கிறார்கள். குடியுரிமைச் சோதனை, பலாலியிலிருந்து டவுனுக்கு அரை மணி என்று கூட்டினால் ஏழு மணிக்குக் குறையாது. வைகை எக்ஸ்பிரஸில் மதுரை போகிற நேரம். அப்போதும் அது 'அவ்வளவு தூரம்' இல்லையே!

ஆகவே என் வாதம் இதுதான். யாழ்ப்பாண விமானத்தை ஆள் குறைந்தால் நிறுத்தலாம், வசதிப்பட்டால் விடலாம் என்கிற சுற்றுலாச் சமாச்சாரமாக நினைக்கக் கூடாது. மதுரைக்கு ரயில் விடுவதுபோல் நினைக்க வேண்டும். டெல்லியில் முடிவெடுப்பவர்களுக்கும் கொழும்பில் முடிவெடுப்பவர்களுக்கும் அது தூரமாகத் தெரியலாம். அவர்கள் இருக்கிற இடம் அப்படி. நாம் ஏன் அவர்கள் அளவுகோலைக் கடன் வாங்க வேண்டும்?

பூங்கா நண்பருக்கு அட்லஸைக் கொண்டுபோய்க் காட்டினேன். ஸ்கேல் வைத்து அவரே அளந்தார். பிறகு, "டிக்கெட் போடும்போது எனக்கும் ஒண்ணு சேர்த்துப் போடுங்க சார்" என்றார்.