முழ நீளக் குழாய்

காரைக் கழுவித் துடைத்து, இருக்கைகளுக்குப் புதிய உறை போட்டு, அத்தர் புட்டியை ஏசிக்கு முன்னால் பொருத்தி அழகு பார்ப்பவர்கள் நம்மில் அநேகர். அதே காரின் முன்சக்கரத்துக்குப் பின்னால் ஒரு முழ நீளத்தில் தொங்கும் கறுப்பு ரப்பர்க் குழாயைக் குனிந்து பார்த்தவர்கள் எத்தனை பேர்? நானும் பார்த்தவனல்லன். சென்ற மதரஸா விடுமுறையில், ரியாதிலிருந்து வந்திருந்த என் தங்கை மகன், அந்தக் குழாய்களைக் கழற்றிவிட்டு எஃகு இழை பின்னிய புதிய குழாய்களைத் தானே வீட்டு வாசலில் வைத்துப் பொருத்தப் போவதாக அறிவித்த பிறகுதான், அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரிந்தது.

வண்டி அவனுடைய வாப்பா வாங்கியது, பழைய மாருதி. கடற்கரை ஊரில் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் நின்ற வண்டி. ஓடும்போது சற்றே இடப்பக்கம் இழுக்கும். இடது முன்சக்கரம் கை வைக்க முடியாதபடி சுடும். சக்கர அலைன்மென்ட் இரண்டு முறை பார்த்தாகிவிட்டது; குறை போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு கொடைக்கானல் புறப்பாடு. மனைவி, இரண்டு குழந்தைகள், என் தங்கை. மலைப்பாதை என்பதால் பிரேக்கை ‘அப்கிரேடு’ செய்யப் போகிறானாம். “மாமா, நீங்கள் பெடலை மட்டும் மிதித்தால் போதும்” என்றான்.

பெடலை மிதிப்பதற்கு முன் அது என்ன செய்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். மூடிய பாத்திரத்திலுள்ள திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால், அந்த அழுத்தம் குறையாமல் எல்லாப் பக்கமும் பரவும் என்பது பதினேழாம் நூற்றாண்டில் பாஸ்கல் கண்ட விதி. கம்பியும் கயிறும் கொண்டு சக்கரங்களைப் பிடித்த காலம் போய், 1921ஆம் ஆண்டு அமெரிக்காவில் டியூசன்பர்க் கம்பெனியின் ‘மாடல் ஏ’ கார் நான்கு சக்கரங்களுக்கும் திரவ பிரேக்குடன் விற்பனைக்கு வந்தது. இன்றைய காரிலும் அடிப்படை அதுவே. மாஸ்டர் சிலிண்டரிலிருந்து சக்கரத்தின் அருகு வரை இரும்புக் குழாய் வருகிறது. ஆனால் சக்கரம் மேலும் கீழும் ஆடுகிறது, இடமும் வலமும் திரும்புகிறது, இரும்பு வளையாது. ஆகவே கடைசி ஒரு முழத்துக்கு மட்டும் வளையும் குழாய். டயருக்குள் காற்று சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 30 பவுண்டு அழுத்தத்தில் இருக்கிறது. பிரேக்கைப் பலமாக மிதிக்கையில் இந்த முழ நீளக் குழாய்க்குள் ஏறும் அழுத்தமோ 1000 பவுண்டையும் தாண்டும்.

இந்த ரப்பர் வெளியே வெடித்தால் கண்ணுக்குத் தெரியும். உள்ளே கெடும்போது தெரியாது. உட்சுவர் உப்பித் துவாரம் குறுகும். சில சமயம் உள்தோல் உரிந்து நாக்குப் போல் தொங்கும். மிதிக்கும்போது திரவம் அந்த நாக்கைத் தள்ளிக்கொண்டு போய்விடும். காலை எடுத்த பிறகு திரும்பி வர அது வழிவிடாது. பிரேக் பிடித்தபடியே சக்கரம் ஓடும், சூடேறும், வண்டி ஒரு பக்கம் இழுக்கும். இதைக் கேட்டதும் எனக்கு அந்த அலைன்மென்ட் செலவு நினைவுக்கு வந்தது.

எஃகு இழைக் குழாயின் உள்ளே டெஃப்லான் வகைப் பிளாஸ்டிக் குழல் இருக்கிறது. அதைச் சுற்றி துருப்பிடிக்காத எஃகு இழைப் பின்னல். அழுத்தத்தில் இது ரப்பரைப் போல் விரிவதில்லை. ஆகவே பெடல் காலுக்குச் சற்றுக் கெட்டியாகத் தெரியும். அவ்வளவுதான். இதனால் வண்டி முன்னைவிடக் குறைந்த தூரத்தில் நின்றுவிடும் என்று நம்புவோர் ஏமாறுவர். சக்கரம் எங்கே நிற்கும் என்பதைக் கடைசியில் முடிவு செய்வது சாலையை டயர் பிடிக்கும் பிடி. தேய்ந்த டயரை வைத்துக்கொண்டு எஃகுக் குழாய் பூட்டுவது வீண். எஃகுக்கும் குறை உண்டு: உள்குழல் கெட்டால் பின்னல் அதை மறைத்துவிடும், மேலுறை இல்லாத பின்னல், தான் உரசும் பொருளை அரம் போல் அறுக்கும்.

வாங்கும்போது தான் அதிகக் கவனம் தேவை. பிரேக் குழாய்க்கென்றே நம் நாட்டில் ஐ.எஸ். 7079 என்ற தரம் உண்டு. அமெரிக்கச் சட்டப்படி ‘டாட்’ முத்திரை பெறும் குழாயின் மாதிரியை ஒரு சுழலும் இயந்திரத்தில் பூட்டி, 35 மணி நேரம் ஓயாமல் வளைத்து ஆட்டிச் சோதிக்கிறார்கள். முத்திரையில்லாத குழாயை விலை குறைவு என்று வாங்குவதைவிட, வண்டிக் கம்பெனியின் சாதாரண ரப்பர்க் குழாயே மேல். எங்கள் ஊர்ச் சாலையில் ஜே.சி.பி.க்கும் டிராக்டருக்கும் குழாய் பிரஸ் செய்து தரும் கடையொன்றில், “கொண்டு வாருங்கள், இதையும் அடித்துத் தருகிறோம்” என்றார்களாம். அவை கனிம எண்ணெய்க்கான குழாய்கள். ‘பிரேக் ஆயில்’ என்று நாம் சொன்னாலும் அது எண்ணெயன்று. கிளைக்கால் வகைத் திரவம். எண்ணெயைத் தாங்கும் ரப்பர் இதில் ஊறும். இதைத் தாங்கும் ரப்பர் எண்ணெயில் ஊறும். பிரேக் டப்பாவில் அவசரத்துக்கு எஞ்சின் ஆயில் ஊற்றியவர்கள், பின்னர் எல்லா ரப்பர்களையும் மாற்ற நேர்வதும் இதனால்தான்.

வேலை வெள்ளி மாலை தொடங்கிற்று. ஜாக்கியில் தூக்கிய வண்டியின் கீழ் இரும்புத் தாங்கிகள் வைத்த பிறகே சக்கரத்தைக் கழற்ற விட்டேன். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் தலையை நுழைப்பவனைப் பார்த்தால், பிரம்பு எடுக்க எனக்கு இன்னும் கை துடிக்கிறது. வலப்பக்கம் எளிதில் முடிந்தது. இடப்பக்கத்தில் இரும்புக் குழாயும் ரப்பர்க் குழாயும் சேரும் நட்டு, உப்புக் காற்றில் துருவேறி ஒன்றிப் போயிருந்தது. அவனிடம் இருந்தது சாதாரண வாய் ஸ்பேனர். இரண்டு முறை வழுக்கியதில் நட்டின் மூலைகள் மழுங்கின. மூன்றாம் முறை நட்டோடு சேர்ந்து இரும்புக் குழாயும் முறுகத் தொடங்கிற்று.

அங்கே அவன் கையை எடுத்தான். அந்த மூன்று நாளில் அவன் செய்த மிக நல்ல காரியம் அதுவே என்பேன். முறுகிய குழாயை நிமிர்த்திப் பூட்டிவிட்டால் அன்றைக்கு வேலை முடிந்திருக்கும். அது எந்த வளைவில் விரிசல் விடும் என்று யாரறிவார்? மறுநாள் மெக்கானிக் வந்தார். குழாய் நுழைய மட்டும் ஒரு பிளவுள்ள வளைய ஸ்பேனரைக் காட்டி, “தம்பி, இது இல்லாமல் பிரேக் பைப்பைத் தொடவே கூடாது” என்றார். கெட்ட இரும்புக் குழாயை அகற்றிப் புதிய எஃகுக் குழாய் வளைத்து, அதன் வாயை இரட்டை மடிப்பாக விரித்துப் பொருத்தினார். செப்புக் குழாய் எளிதில் வளையுமே என்று கேட்டேன். அதிர்வில் செம்பு இறுகி முறியும் என்றார்.

பிறகு என் முறை. குழாய்க்குள் புகுந்த காற்றை எடுக்க வேண்டும். திரவம் அழுத்தத்துக்குச் சுருங்காது, காற்று சுருங்கும். காற்று இருந்தால் மிதி முழுவதும் அதைச் சுருக்குவதிலேயே போய்விடும். “மிதியுங்கள்” என்றால் மிதிக்க வேண்டும். “பிடியுங்கள்” என்றால் காலை அசைக்காமல் பிடிக்க வேண்டும். அவன் சக்கரத்தருகே நிப்பிளைத் திறப்பான், திரவமும் குமிழிகளும் கண்ணாடிக் குழல் வழியே புட்டிக்குள் இறங்கும். மூடிய பிறகு “விடுங்கள்” என்பான். நிறுத்தும் இடத்தையும் நீட்டும் அளவையும் கண்டிப்பாகப் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுப்பவன் நான். அவன் மூடுவதற்கு இரண்டு நொடி முன்பே காலை எடுத்துவிட்டேன். வெளியேறிய காற்று திரும்ப உள்ளே போயிற்று, முதலிலிருந்து ஆரம்பம். இடையில் மேல் டப்பாவைத் திரவம் வற்ற விட்டாலும் இதே கதிதான். பழைய வண்டியாதலால் பெடல் தரை வரை போகாமலிருக்க ஒரு மரக்கட்டையை அடியில் வைத்தோம். மாஸ்டர் சிலிண்டரில் வழக்கமாகப் போகாத இடத்துக்கு ரப்பர் போனால், அங்குள்ள துரு அதைக் கிழித்துவிடும்.

பழைய திரவம் காப்பித் தண்ணீர் போல் வந்தது. இந்தத் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 3 திரவத்தின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி, நீர் 3.7 விழுக்காடு சேர்ந்தால் 140 வரை இறங்கலாம். டாட் 4க்கு அவை 230, 155. மலையிறக்கத்தில் ஓயாமல் பிரேக் பிடித்துச் சூடேறும்போது, ஈரமேறிய திரவம் கொதித்து ஆவியாகும். பெடல் கீழே போகும். கொடைக்கானல் இறக்கத்தில் அவனுக்கு அதிகம் உதவியவை எஃகுப் பின்னலைவிடப் புதிய திரவமும் இரண்டாம் கியரும்தான்.

எல்லாம் முடிந்ததென்று அவன் சக்கரத்தைப் பூட்டப் போனான். மெக்கானிக் தடுத்து, எஞ்சினை ஓட்டி, என்னைப் பெடலைப் பலமாக மிதித்து ஒரு நிமிடம் பிடிக்கச் சொன்னார். பெடல் மெல்ல, மிக மெல்ல இறங்கிற்று. எளிதாக முடிந்ததென்று நினைத்த அந்த வலச்சக்கரத்தில், குழாயைக் கேலிப்பரோடு இணைக்கும் போல்ட்டின் அடியில் ஈரம்! பழைய காப்பர் வாஷர்களையே திரும்பப் போட்டிருந்தான். ஒரு முறை நசுங்கிப் படிந்த வாஷர் மறுமுறை அதே போல் படிவதில்லை. புதியவை இரண்டும் சேர்த்துச் சில ரூபாய். அந்தச் சில ரூபாயை மறந்து, ஞாயிறு காலை என் தங்கையையும் குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு அவன் மலையேறியிருப்பான். மாஸ்டர் சிலிண்டரில் இரண்டு அறைகள் இருப்பதால் ஒரு பாதை ஒழுகினாலும் பாதி பிரேக் மிஞ்சும் என்பது உண்மையே. மலை வளைவில் பாதி பிரேக் எதற்குக் காணும்?

வாஷர் மாற்றி, மறுபடி காற்றெடுத்து, ஸ்டியரிங்கை இரு கோடிக்கும் திருப்பி, குழாய் எங்கும் இழுபடவோ முறுகவோ டயரைத் தொடவோ இல்லையென்று பார்த்த பிறகே சக்கரங்கள் பூட்டப்பட்டன. சிந்திய திரவம் பெயிண்டைத் தின்றுவிடும் என்பதால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவினோம். ஊருக்கு வெளியே ஆளில்லாத திடலில் மெதுவாக ஓட்டி நிறுத்திப் பார்த்தான். வண்டி எந்தப் பக்கமும் இழுக்கவில்லை.

இது ஏபிஎஸ் இல்லாத பழைய வண்டி. நம் நாட்டில் 2019 ஏப்ரலிலிருந்து தயாரான கார்களில் ஏபிஎஸ் கட்டாயம். அதன் பெட்டிக்குள் காற்று புகுந்தால் காலால் மிதித்து எடுத்துவிட முடியாமல் போகலாம். கம்ப்யூட்டர் கருவி உள்ள ஒர்க்‌ஷாப்புக்கே இழுத்துப் போக நேரும். அத்தகைய வண்டி வைத்திருப்போர் வாசலில் இந்த வேலையைத் தொடங்காதிருப்பது நலம்.

கழற்றிய ரப்பர்க் குழாய்களை இரம்பத்தால் நீளவாக்கில் பிளந்து பார்த்தோம். வலப்பக்கத்துக் குழாய் ஒழுங்காகவே இருந்தது. இடப்பக்கத்ததில் உள்தோல் உரிந்து மடிந்து கிடந்தது. சைக்கிள் போக்ஸ் கம்பிகூட நுழையவில்லை. ஒரு சாதாரண ரப்பர்க் குழாய் மாற்றியிருந்தாலும் வண்டி நேராகத்தான் ஓடியிருக்கும். அவன் அதை ஒப்புக்கொள்ளவில்லை. எஃகின் பெருமையே பேசினான்.

ஞாயிற்றுக்கிழமைப் பயணம் புதன்கிழமைக்குத் தள்ளிப் போயிற்று. திரும்பி வந்ததும் மீண்டும் சக்கரங்களைக் கழற்றச் சொன்னேன். இணைப்புகள் யாவும் உலர்ந்திருந்தன. இடப்பக்கக் குழாயின் மேலுறையில் மட்டும், ஏதோ ஒரு விளிம்பில் உரசிய வெள்ளைக் கீறல் ஒன்று விரற்கடை நீளத்துக்கு விழுந்திருந்தது. அதைப் பிடித்து நிறுத்தும் கிளிப்பை மாற்றிப் போட்டுவிட்டுத்தான் அவன் ரியாதுக்கு விமானம் ஏறினான்.