அப்பாவின் பைக் சாவி



"அப்பா ரிட்டயர் ஆகிட்டார். ஆனா பைக்கை மட்டும் விட மாட்டேங்கிறார். நீங்களாவது எழுதுங்களேன்" என்று மகன்களும் மகள்களும் கேட்கிறார்கள். அந்த அப்பாக்களோ, "நாற்பது வருஷமா ஓட்டுறேன், எனக்குத் தெரியாதா? பிள்ளைங்களுக்கு எடுத்துச் சொல்லுங்க" என்கிறார்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. அதனால் இந்த முறை இதைப் பேசிவிடலாம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அறுபது ஆகிவிட்டது என்பதற்காக யாரும் பைக்கை விட வேண்டியதில்லை. ஆனால் முப்பதில் ஓட்டிய மாதிரியே அறுபதிலும் ஓட்டுவேன் என்று அடம்பிடிக்கவும் கூடாது. வண்டி ஓட்டும் பழக்கத்தை வயதுக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்கிறவருக்கு இன்னும் பல வருடம் அந்த சந்தோஷம் மிச்சமிருக்கிறது.

இப்போது ஓய்வுபெறுகிறவர்கள் யார் என்று யோசித்துப் பாருங்கள். ஓசூரிலிருந்து இண்ட்-சுசுகி வந்தது 1984-ல். அடுத்த வருடமே ஹீரோ ஹோண்டா சி.டி. 100-ம் யமஹா ஆர்.எக்ஸ். 100-ம் வந்தன. அதுவரை நடுத்தர வீட்டில் வண்டி என்றால் சைக்கிள், மிஞ்சிப்போனால் மொபெட். ஸ்கூட்டருக்குப் பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்த காலம் அது. அந்த 100 சி.சி. வண்டிகள் ரோட்டுக்கு வந்தபோது இருபதுகளில் இருந்த இளைஞர்கள்தான் இன்று அறுபதைத் தொட்டும் தாண்டியும் நிற்கிறார்கள்.

நம் வீடுகளில் முதன்முதலாக மோட்டார் சைக்கிள் வாங்கிய தலைமுறை இது. தவணை கட்டி வாங்கினார்கள். குழந்தையை டேங்க் மேல் உட்காரவைத்து ஸ்கூலில் விட்டார்கள். பின் சீட்டில் கேஸ் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு வந்தார்கள். நடுராத்திரி பிரசவ வலிக்கும், விடியற்காலை ரயிலுக்கும் அந்த வண்டிதான் ஓடியது. அந்தக் குடும்பத்தின் வளர்ச்சியில் அதற்கும் ஒரு பங்கு உண்டு.

அப்படிப்பட்டவருக்கு ஓய்வு என்றால் என்ன நடக்கிறது? ஆபீஸ் போய்விடுகிறது. கையெழுத்துக்கு இருந்த மதிப்பு போய்விடுகிறது. தினமும் டீ குடித்த கூட்டம் கலைந்துவிடுகிறது. எங்கே கிளம்பினாலும் "ஆட்டோ புக் பண்ணட்டுமாப்பா?" என்று பிள்ளைகள் அன்பாகத்தான் கேட்கிறார்கள். ஆனாலும் நினைத்த நேரத்தில் நினைத்த இடத்துக்குத் தானே போய் வருவது என்ற சுதந்திரம் அந்த ஒரு சாவியில்தான் மிச்சமிருக்கிறது. அதையும் வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டினால் மனுஷர் எப்படித் தாங்குவார்?

வண்டி ஓட்டுவது மூளைக்கும் நல்ல வேலை கொடுக்கிறது. ஜப்பானின் தோஹோகு பல்கலைக்கழகப் பேராசிரியர் ரியூட்டா கவாஷிமா, ஓட்டுவதை விட்டுப் பல வருடம் ஆகியிருந்த நடுத்தர வயது ஆண்களை மறுபடி பைக் ஓட்டவைத்துப் பார்த்தார். சில வாரங்கள் தினமும் ஓட்டியவர்களுக்கு நினைவுத்திறன் சோதனைகளில் முன்னேற்றம் தெரிந்தது. அது சிறிய ஆய்வு, யமஹா நிறுவனமும் அதில் பங்கெடுத்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனாலும் கண், காது, கை, கால், சமநிலை எல்லாம் ஒரே நேரத்தில் விழித்திருக்கும் வேலை இது என்பது ஓட்டுகிற எல்லோருக்கும் தெரிந்ததுதானே!

இனி அப்பாக்களிடம் கொஞ்சம் பேச வேண்டும்.

ஐயா, உங்கள் அனுபவத்தை யாரும் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் வண்டி ஒரு நொடியில் கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடிவிடுகிறது. நாய் குறுக்கே வருவதைக் கண் பார்த்து, மூளை புரிந்துகொண்டு, கை பிரேக்கைப் பிடிக்க அரை நொடி கூடுதலாக ஆனாலே எட்டு மீட்டர் போய்விடும். வயது அந்த அரை நொடியை நமக்குத் தெரியாமலே எடுத்துக்கொள்கிறது. பதினைந்து கி.மீ. வேகத்தைக் குறைத்து, முன்னால் போகிற வண்டிக்கும் நமக்கும் இடைவெளியைக் கூட்டினால் அந்த அரை நொடி திரும்பக் கிடைக்கும். செலவில்லாத வைத்தியம் இது.

ராத்திரியில் எதிரே வரும் லைட்டைச் சுற்றி வளையம் தெரிகிறதா? கண்புரை ஆரம்பித்திருக்கலாம். கண் டாக்டரைப் பார்க்கும் வரை இருட்டிய பிறகு வண்டி எடுக்காதீர்கள். கழுத்து பழையபடி திரும்ப மறுக்கிறதா? இரண்டு பக்கக் கண்ணாடியும் சரியான கோணத்தில் இருந்தாக வேண்டும். அழகுக்காகக் கழற்றி வைத்த கண்ணாடியை இன்றே மாட்டுங்கள்.

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. காலையில் மருந்தை எடுத்துக்கொண்டு, டிபன் ஆறட்டும், அதற்குள் மார்க்கெட் போய் வந்துவிடலாம் என்று கிளம்புகிற பழக்கம் நம் வீடுகளில் சர்வ சாதாரணம். சில மருந்துகளுக்கு அந்த இடைவெளியே போதும், சர்க்கரை இறங்கி டிராபிக் நடுவில் தலை சுற்றிவிடும். சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள், சட்டைப் பையில் இனிப்பு வைத்துக்கொள்ளுங்கள். சளி மாத்திரை, தூக்க மாத்திரை போட்ட நாளில் வண்டி ஓய்வெடுக்கட்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் கீழே விழுந்து தலையில் லேசாக இடித்துக்கொண்டாலும், 'ஒண்ணுமில்லை' என்று வீட்டுக்கு வந்துவிடக் கூடாது. நேராக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பி.எஃப். பணம் வந்ததும் இளமையில் ஆசைப்பட்ட புல்லட்டை வாங்குகிறவர்கள் நிறைய பேர். நம் திருவொற்றியூர் தொழிற்சாலையில் 1950-களிலிருந்தே உருவாகி வந்த வண்டி. அதன் மேல் தமிழ்நாட்டு ஆண்களுக்கு ஆசை இருப்பதில் ஆச்சரியம் என்ன? தாராளமாக வாங்குங்கள். ஆனால் இரண்டு விஷயம் யோசியுங்கள்.

ஒன்று, எடை. அதே நிறுவனத்தின் கிளாசிக் 350 வண்டி 195 கிலோ. சி.டி. 100, ஸ்ப்ளெண்டர் என்று பழகிய உடம்புக்கு அது வேறு கணக்கு. ஓடும்போது எடை தெரியாது, நிற்கும்போதுதான் தெரியும். ஷோரூமில் விலையைக் கேட்பதற்கு முன் ஏறி உட்காருங்கள். இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் படிகிறதா? இறங்கி நின்று, லேசான ஏற்றத்தில் வண்டியைப் பின்பக்கமாகத் தள்ள முடிகிறதா? யார் உதவியும் இல்லாமல் ஸ்டாண்ட் போட முடிகிறதா? மூன்றில் ஒன்றுக்கு 'இல்லை' என்று பதில் வந்தாலும், இன்னும் இலகுவான வண்டி ஒன்று உங்களுக்காக எங்கோ காத்திருக்கிறது என்று அர்த்தம்.

இரண்டு, கால் பழக்கம். பழைய புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். ஆம்பியர் முள் நடுவுக்கு வரும் வரை கிக்கரை மெல்ல அழுத்தி, டீகம்ப்ரஷன் லீவரைப் பிடித்து, பிஸ்டனை அதன் மேல் எல்லையைக் கொஞ்சம் தாண்டவிட்டு, லீவரை விட்டு, பிறகு ஒரே மிதி. அந்த ஒழுங்கு தெரியாமல் மிதித்தவர்களின் கணுக்காலைக் கிக்கர் திருப்பி அடித்த கதைகள் ஊருக்கு ஊர் உண்டு. இப்போதைய வண்டியில் பட்டனைத் தொட்டால் போதும். ஆனால் கியர் இடதுக்கும் பிரேக் வலதுக்கும் போய்விட்டது. சாவகாசமாக ஓட்டும்போது மூளை இதை ஞாபகம் வைத்திருக்கும். அவசரத்தில் கால் பழைய பிரேக்கைத் தேடி இடது பக்கம் மிதித்துவிடும். எனவே பழைய புல்லட்டிலிருந்து மாறுகிறவர்கள் சில வாரம் காலி மைதானத்தில் பழகிவிட்டுத்தான் மெயின் ரோட்டுக்கு வர வேண்டும்.

முன் பிரேக்கும் அப்படித்தான். "முன் பிரேக்கைப் பிடிச்சா குப்புற விழுவ" என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். உண்மையில் வண்டியை நிறுத்தும் பலத்தில் பெரும்பகுதி முன் பிரேக்கில்தான் இருக்கிறது. 2019 ஏப்ரல் முதல் 125 சி.சி.க்கு மேற்பட்ட எல்லாப் புது பைக்கிலும் ஏ.பி.எஸ். கட்டாயம். சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும் ஆபத்தை அது வெகுவாகக் குறைக்கிறது. இரண்டு பிரேக்கையும் சேர்த்து, சீராக அழுத்திப் பழகுவதற்கு அறுபது ஒரு வயதே இல்லை.

இனி வீட்டில் உள்ளவர்கள் கவனிக்க வேண்டியது. அப்பாவின் லைசென்ஸ் எப்போது முடிகிறது என்று உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? 55 வயதுக்கு மேல் புதுப்பித்தால் ஐந்து வருடத்துக்குத்தான் கிடைக்கும். டாக்டர் கையெழுத்திட்ட படிவம் 1ஏ வேண்டும். முடியும் தேதிக்கு ஒரு வருடம் முன்பிருந்தே புதுப்பிக்கலாம். முடிந்து ஒரு வருடம் தாண்டிவிட்டால் மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டியிருக்கும். தேதி முடிந்த மறுநாளே அது செல்லாத லைசென்ஸ் என்பதையும் மறக்க வேண்டாம்.

இதில் இன்சூரன்ஸும் மாட்டிக்கொள்கிறது. உரிமையாளரே ஓட்டும்போது விபத்து நேர்ந்தால் 15 லட்ச ரூபாய் வரை கிடைக்கும் தனிநபர் விபத்துக் காப்பீடு 2018 முதல் இருக்கிறது. அதற்கு இரண்டு நிபந்தனை. லைசென்ஸ் உயிரோடு இருக்க வேண்டும். ஆர்.சி. யார் பேரில் இருக்கிறதோ அவருக்குத்தான் அந்தக் காப்பீடு. "பையன் பேர்ல இருக்கட்டும்" என்று வாங்கிய வண்டியை அப்பா ஓட்டினால் அது அவரைக் காக்காது. அவருக்குத் தனியாக ஒரு விபத்துக் காப்பீடு எடுத்து வையுங்கள். வண்டி 15 வருடம் தாண்டியிருந்தால் ஆர்.சி.யையும் புதுப்பிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் ஒதுக்கினால் எல்லாத் தேதியையும் ஒரு தாளில் எழுதிவிடலாம்.

அம்மாக்களை மறந்துவிடக் கூடாது. முப்பது வருடம் புடவையைச் செருகிக்கொண்டு ஒரு பக்கமாக உட்கார்ந்து வந்தவர்கள் அவர்கள். இன்று மூட்டு வலி. ஒரு பக்கமாக உட்காருவதும் பாதுகாப்பில்லை. பின்னால் உட்காருகிறவருக்கும் ஐ.எஸ்.ஐ. முத்திரை போட்ட ஹெல்மெட் சட்டப்படி கட்டாயம். "பக்கத்துத் தெருதானே" என்கிற சமாதானம் தார் ரோட்டுக்குத் தெரியாது. அதோடு, சின்ன வயதில் ஆசைப்பட்டும் யாரும் கற்றுக்கொடுக்காததால் ஓட்டாமலே இருந்துவிட்ட அம்மாக்கள் எத்தனை பேர்! கியர் இல்லாத ஸ்கூட்டரில், நல்ல பயிற்சியாளரிடம், ஓய்வுக்குப் பிறகு கற்றுக்கொள்ள நினைத்தால் வீட்டில் யாரும் சிரிக்காமல் கூட நில்லுங்கள்.

ஒரு நாள் ஓட்டுவதை நிறுத்தத்தான் வேண்டியிருக்கும். அந்த முடிவைப் பிள்ளைகள் திடீரென்று அறிவிப்பதைவிட, தெம்பாக இருக்கும்போதே அப்பா தானே ஓர் அளவுகோல் வைத்துக்கொள்வது கௌரவம். சிக்னலில் நிற்கும்போது வண்டி சாய ஆரம்பித்தால், தெரிந்த பாதையில் வழி தடுமாறினால், பின்னால் வருகிறவர்கள் அடிக்கடி ஹாரன் அடித்தால், டாக்டர் வேண்டாம் என்றால் நிறுத்துவேன் என்று வீட்டில் முன்கூட்டியே சொல்லி வைக்கலாமே! சொன்ன வார்த்தையை அவரே காப்பாற்றுவார்.

ஓட்டுவதை நிறுத்தினால் ஆசையும் நின்றுவிட வேண்டுமா என்ன? நியூசிலாந்தின் இன்வர்கார்கில் நகரத்து பர்ட் மன்ரோ, 1920-ம் வருடத்து இண்டியன் ஸ்கவுட் வண்டியைத் தன் ஷெட்டில் பல பத்தாண்டுகள் தட்டித் தட்டி மேம்படுத்தினார். பிஸ்டனைக்கூட அவரே வார்த்தார். 1967-ல், 68 வயதில், அமெரிக்காவின் பான்வில் உப்புவெளியில் 1,000 சி.சி.க்கு உட்பட்ட பிரிவில் சாதனை படைத்தார். சாதனை நடந்தது சில நிமிடங்களில். அதற்குப் பின்னால் இருந்த இத்தனை வருட சந்தோஷம் முழுவதும் ஷெட்டுக்குள் ஸ்பானர் பிடித்த கையில்தானே கிடைத்தது? நம் ஊரிலும் பழைய ஜாவாவையும் ஆர்.எக்ஸ். 100-ஐயும் நட்டு நட்டாகப் பிரித்து உயிர் கொடுக்கும் பெரியவர்கள் இருக்கிறார்கள். கார்பரேட்டரைச் சுத்தம் செய்யப் பேரனுக்குச் சொல்லிக்கொடுப்பதற்கு எந்த லைசென்ஸும் தேவையில்லை.

எனவே பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். சாவியைப் பிடுங்காதீர்கள். கண் பரிசோதனைக்குக் கூட்டிப் போங்கள், நல்ல ஹெல்மெட் வாங்கிக் கொடுங்கள், டயர் தேய்ந்திருந்தால் மாற்றிக் கொடுங்கள். அப்பாக்களே, நீங்களும் கிளம்பும்போது எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள். காவல் போடுகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். உங்கள் பிள்ளைகள் முதன்முதலாக பைக் எடுத்துக்கொண்டு போன நாட்களில் வாசலிலேயே நின்று இதைத்தானே நீங்களும் கேட்டீர்கள்?

உங்கள் வீட்டில் இதை எப்படிப் பேசித் தீர்த்தீர்கள் என்று எழுதுங்கள். மற்ற வீடுகளுக்கும் அது வழிகாட்டும்.

அன்புடன்,
ஆசிரியர்